பொறுப்பு ஏறும்போது வேலை என்ன ஆகிறது?

ஒருவர் ஏற்கெனவே பார்த்துவரும் வேலையோடு இன்னொரு பொறுப்பும் வந்து சேரும்போது, ஒரு நாளில் அவரால் முடிக்க முடிகிற வேலையின் அளவு கூடலாம், குறையலாம். சிலருக்கு முதலில் குறைந்து பிறகு கூடும். தகப்பன் இறந்த பிறகு கடையைக் கையிலெடுத்த மூத்த மகன் இரண்டே ஆண்டில் அதை நிமிர்த்திய கதை எல்லா ஊரிலும் உண்டு. பதவி உயர்வு வந்த மறுமாதத்திலிருந்து மேசையில் கோப்புகள் தேங்கத் தொடங்கிய கதையும் அதே அளவுக்கு உண்டு. இந்த வேறுபாட்டுக்கு ஆளின் குணத்தைக் காரணம் சொல்லிவிடுவது வழக்கம். பொறுப்பு எப்படித் தரப்பட்டது, அதோடு கூட என்னென்ன தரப்பட்டது, அதற்காக எது இறக்கி வைக்கப்பட்டது என்று பார்த்தால் விளக்கம் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்.

ரேஷன் கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர் செய்வது வேலை. இருப்பில் ஒரு மூட்டை குறைந்தால் பதில் சொல்ல வேண்டிய விற்பனையாளர் சுமப்பது பொறுப்பு. கை ஓய்ந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. பொறுப்போ ஆளோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கூடவே இருக்கிறது. அதனால்தான் கூடுதல் வேலைக்குத் தேவைப்படும் நேரத்தைக் கணக்கிட முடிகிற அளவுக்குக் கூடுதல் பொறுப்புக்குத் தேவைப்படும் நேரத்தைக் கணக்கிட முடிவதில்லை.

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. கோ. வேங்கடாசலபதி 1940இல் இங்கே தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அடுத்தடுத்து வந்து சேரும் பொறுப்புகள் ஒரு மனிதரின் உழைப்பை எப்படி மாற்றும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1892இல் தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கைத் தொழில் நடத்தியவர். 1920களின் இறுதியில் அமெரிக்கா போய் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் வணிக நிர்வாகமும் பொருளியலும் படித்தார். அரசின் நிதிக்கொள்கைக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கொலம்பியாவில் எழுதிய ஆய்வோடு 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரிடம் ஒப்படைத்த முதல் பணி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆய்வு செய்வது. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. கிராமத்தில் தங்கிப் பழக்கமும் இல்லை. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். என்ன கேட்க வேண்டும், கிடைத்த விவரங்களை எப்படிப் பட்டியலிட வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். அறிக்கை 1931இல் நூலாக வந்தது.

புதிய பணி அவருடைய பழைய கைத்தொழிலை ஒட்டியே இருந்தது. அதுவரை கம்பெனிகளின் பேரேட்டைச் சரிபார்த்தவர், இப்போது ஒரு வட்டத்தின் பேரேட்டையே எழுத வேண்டியிருந்தது. அளவுதான் பெரிது, திறமை ஒன்றுதான். தெரியாத மொழிக்கு ஆட்களும் கிடைத்தார்கள். இப்படி ஏற்கெனவே கைவந்த திறமையிலிருந்து முளைக்கும் பொறுப்பு ஆளை நீட்டி வளர்க்கிறது. தொடர்பே இல்லாத இடத்திலிருந்து வரும் பொறுப்பு அவரைப் பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

அடுத்தது 1930. உப்புச் சத்தியாகிரகத்துக்கு காந்தி புறப்பட்டபோது ‘யங் இந்தியா’ இதழின் பொறுப்பில் குமரப்பாவும் பங்கேற்க வேண்டி வந்தது. கணக்கரிடம் பத்திரிகைப் பணி வந்து சேர்ந்தது. எழுதினார், சிறைக்கும் போனார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவுக்கு நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. அந்தப் பணத்தின் கணக்குக்குப் பொறுப்பேற்றவர் குமரப்பா. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரம்பு கட்டினார் என்றும், காந்தியுடன் வந்தவர்களின் செலவையும் நிவாரண நிதியில் எழுத மறுத்தார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணக்கு முடிக்கும் நேரத்தில் காந்தியே பார்க்க வந்தும், முன்கூட்டிச் சொல்லாததால் நேரம் தர இயலாது என்று சொல்லிவிட்டாராம். இதைக் குமரப்பாவின் கண்டிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உண்மையில் அதற்கும் மேலான ஒன்று இதில் இருக்கிறது. மலைபோல் வந்த பொறுப்பைத் தாங்குவதற்கு அவர் தமக்குச் சுற்றிக் கட்டிக்கொண்ட வேலி அது. அந்த வேலியைக் கட்டும் உரிமை அவருக்குத் தரப்பட்டிருந்தது. கட்டியதை காந்தியும் மதித்தார். வேலி கட்ட உரிமையில்லாதவருக்கு அதே பொறுப்பு கிடைத்திருந்தால், பார்க்க வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதிலேயே பாதி நாள் போயிருக்கும்.

அதே ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பும் குமரப்பாவிடம் வந்தது. மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றிலும் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடந்தன. ‘கிராம உத்யோக் பத்திரிகா’ என்ற இதழையும் அவரே கவனித்தார். இத்தனைக்கும் நடுவே, பயன் இல்லை என்று பட்ட பொறுப்பை இறக்கி வைக்கவும் அவர் தயங்கவில்லை. நேருவைத் தலைவராகக் கொண்டு 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்து விரைவிலேயே விலகிக்கொண்டார். ஏற்பதைப் போலவே விடுவதும் உழைப்பைக் காக்கும் செயல்தான். நம்மூரில் இது பழக்கமில்லாதது. சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் குழு என்று ஏற்ற பொறுப்பை விடுவது கௌரவக் குறைவாகப் பார்க்கப்படுவதால், ஒரே ஆள் ஐந்து குழுக்களில் பெயருக்கு உறுப்பினராக இருக்கிறார். எதிலும் வேலை நடப்பதில்லை.

உளவியலும் நிர்வாகவியலும் இதே கேள்வியை வேறு வழியில் அணுகியிருக்கின்றன. 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து நடத்திய சோதனையில், எளிய பாடத்தைக் கற்க அழுத்தம் கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான பாடத்தில் நடுத்தர அழுத்தமே பலன் தந்தது. அதற்கு மேல் போனபோது கற்றல் தடுமாறியது. மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்துவதில் கவனம் தேவை. ஆனாலும் பெட்டி அடுக்கும் வேலையில் இரட்டிப்புச் சுமையைத் தாங்குபவர், கணக்கு எழுதும் வேலையில் அதைத் தாங்க முடியாமல் போவது அன்றாடம் காண்பதுதான்.

ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரை இன்னும் நேரடியாகப் பயன்படும். ஒரு பெரிய கம்பெனியில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியர்களை வைத்து நடந்த சோதனையை அதில் அவர் விவரிக்கிறார். அதுவரை எல்லாக் கடிதங்களையும் மேலதிகாரிகள் சரிபார்த்து, அவர்களே கையெழுத்திட்டு அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் சரிபார்ப்பு குறைக்கப்பட்டது. கடிதத்தில் எழுதியவரே தம் பெயரில் கையெழுத்திடலாம், தவறுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. முதல் சில மாதங்கள் அந்தக் குழுவின் வேலைத் தரம் இறங்கியது. பிறகு மெல்ல ஏறி, ஆறு மாத முடிவில் மற்றக் குழுக்களைத் தாண்டிவிட்டது. பொறுப்பைத் தந்த முதல் மாதத்திலேயே பலனைத் தேடுபவர்கள் அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு ஆள் சரியில்லை என்று பொறுப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எத்தனையோ இளைஞர்களின் வளர்ச்சி இப்படி மூன்றாவது மாதத்திலேயே முறிந்து போகிறது.

அதே வகையான வேலையில் இன்னும் நாலை ஒருவர் தலையில் கட்டுவதை ஹெர்ஸ்பெர்க் வேறாகப் பிரித்தார். அது ஆளை வளர்ப்பதில்லை, களைப்பை மட்டும் கூட்டுகிறது. 1979இல் ராபர்ட் கராசெக், அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் திரட்டிய விவரங்களைக் கொண்டு இதற்கு ஒரு விதி வகுத்தார். வேலைச்சுமை மிகுந்து, முடிவெடுக்கும் உரிமையும் மிகுந்த இடத்தில் ஆட்கள் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். சுமை மிகுந்து உரிமை குறைந்த இடத்தில் மன அழுத்தம் ஏறுகிறது. பீகாரில் குமரப்பா இருந்தது முதல் வகை.

இரண்டாவது வகைக்கு நம் அரசு அலுவலகங்களில் பார்க்கக் கிடைக்கும் உதாரணம் ‘கூடுதல் பொறுப்பு’. ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் பணியிடம் காலியாக உள்ள பக்கத்துக் கிராமமும் ஒப்படைக்கப்படுகிறது. இரண்டு ஊருக்கும் அடங்கல் எழுத வேண்டும், பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றுக்கும் விசாரித்துச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நிலத்தகராறைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஊரிலிருந்து கைபேசி அடிக்கிறது. அலுவலகம் பூட்டிக் கிடப்பதாக அங்கே புகார். வேலை இரட்டித்தது, உரிமையோ ஆளோ இரட்டிக்கவில்லை. அப்படியும் சிலர் சமாளிக்கிறார்கள். எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பார் என்பதைக் கதவில் எழுதி ஒட்டி, அதில் தவறாமல் நிற்பவரிடம் இரண்டு ஊர் வேலையும் ஓரளவு நகர்கிறது.

அந்தக் காகிதம் பலிப்பதற்குக் காரணம் உண்டு. மனம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முழுதாகத் தாவுவதில்லை. முடியாத வேலையின் ஒரு பகுதி மனத்தில் தங்கி அடுத்ததைக் கெடுக்கிறது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் இதைச் சோதனைகளில் காட்டினார். பாதியில் விடும் வேலையில் எங்கே நிறுத்தினோம், திரும்ப வந்ததும் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டு வரி குறித்து வைத்தால் இந்தக் கெடுதல் குறைகிறது என்று அவருடைய பிந்தைய ஆய்வு சொல்கிறது. பொறுப்புகள் கூடும்போது நேரம் போய்விடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேரத்துக்கு முன்பே போய்விடுவது கவனம்.

பணக் கவலையும் ஒரு பொறுப்புதான், மிகக் கனமானது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கரும்பு விவசாயிக்கு வருமானம் மொத்தமாக வெட்டுக்குப் பிறகுதான் வருகிறது. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகில் இருக்கும், கைமாற்று ஏறியிருக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கும். அதே விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் அறிவுச் சோதனைகள் வைத்தபோது, முன்பு வாங்கிய மதிப்பெண்கள் தெளிவாகக் குறைவாக இருந்தன. ஆய்வின் புள்ளிவிவர முறை குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தாலும், சொல்லவரும் செய்தி கரிசல்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. மழையை நம்பிப் பருத்தி போட்டவருக்கு ஐப்பசியில் மனம் வேறு எதிலும் நிற்காது. அந்த நேரத்தில் அவர் செய்யும் தவறுகளைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது அநியாயம்.

குமரப்பாவின் கதையில் இதற்கு நேர்மாறான ஒரு கட்டமும் உண்டு. 1942 போராட்டக் காலத்தில் அவர் கைது செய்யப்பட்டு ஜபல்பூர் சிறையில் வைக்கப்பட்டார். சங்கம், பத்திரிகை, பயணம் எல்லாம் ஒரே நாளில் கையைவிட்டுப் போயின. அங்கேதான் ‘எக்கானமி ஆஃப் பர்மனென்ஸ்’ நூலையும், இயேசுவின் போதனைகளைப் பற்றிய நூலையும் எழுதினார். அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது முதல் நூல்தான். பொறுப்புகள் நீங்கியதால்தான் இது எழுதப்பட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செக்கடியிலும் காகிதப் பட்டறையிலும் ஏழாண்டுகளுக்கு மேல் திரட்டிய அனுபவம் இல்லாமல் அந்த நூலுக்குச் சரக்கு இல்லை. அதைக் கோத்து எழுதும் ஓய்வு வெளியில் கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. பொறுப்பு சரக்கைத் தருகிறது; அதை உருவாக்க, பொறுப்பு இல்லாத சில மாதங்கள் வேண்டியிருக்கின்றன. பொறுப்பான பதவிகளில் இருப்பவர்களுக்கு அந்த ஓய்வைத் தரும் ஏற்பாடு சிறையைத் தவிர வேறெதுவாகவும் இருக்கலாம் என்பதை நம் நிறுவனங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, நாடு சுற்றி விசாரித்து, 1949இல் அறிக்கை தந்தார். அதற்குள் உயர் ரத்த அழுத்தம் அவரைப் பிடித்திருந்தது. பயணத்தையும் கூட்டங்களையும் உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தியது. கல்லுப்பட்டிக்கு அவர் வந்து சேர்ந்தது இந்த நிலையில்தான். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். உரிமையும் திறமையும் வேலியும் எல்லாம் இருந்தும் உடம்பு ஒரு எல்லை வைக்கிறது. தொடர்ந்து நீண்ட நேரம் வேலை செய்வது இதயத்துக்கும் மூளைக்கும் கேடு என்பதை மருத்துவம் இன்று ஒப்புக்கொள்கிறது. எந்தச் செயல்திறன் கணக்கிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் வேறு. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஆண், 97 நிமிடம். வெளியே எந்தப் புதிய பொறுப்பு வந்தாலும், பெண்ணுக்கு அது இந்த ஐந்து மணி நேரத்தின் மேல்தான் வந்து உட்காருகிறது. ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர் மாலைக் கூட்டத்தில் சேமிப்பையும் தவணையையும் எண்ணி வாங்கி, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் பதிந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். சில்லறை பத்து ரூபாய் இடித்தால் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து தேட வேண்டும். மறுநாள் பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு குடிதண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பொறுப்பால் பெண்கள் மேலாளரிடம் நேருக்கு நேர் பேசவும், கணக்கு கேட்கவும், கணக்கு சொல்லவும் பழகினார்கள் என்பது உண்மை. வீட்டில் யாரும் உலையை ஏற்றுக்கொள்ளாத இடத்தில் அதற்கான நேரம் அவர்களுடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் உண்மை.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, இந்தத் தடையையும் மீறிப் பொறுப்பு எவ்வளவு தூரம் ஆளைக் கொண்டுபோகும் என்பதற்குச் சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்ற மகளிர் சுய உதவி இயக்கத்தில் சேரும் முன்பே கூலிப் பெண்களின் கொத்துக்குத் தலைவியாக இருந்தவர். கொத்துத் தலைவி நிலக்காரரிடம் கூலி பேசி முடிப்பவர், ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர், வந்த கூலியைப் பங்கிட்டுக் கொடுப்பவர். களஞ்சியத்துக்கு வேண்டியதும் இதேதான்: யாருடைய சொல்லை நம்பலாம், யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று தெரிந்த ஒருவர். எழுத்துவேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். ஒரு ஊரின் குழுவிலிருந்து பல ஊர்களின் கூட்டமைப்புக்கு அவருடைய பொறுப்பு ஏறியது. 2001இல் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்தரில் குமரப்பாவுக்கு நடந்ததுதான் புல்லுச்சேரியிலும் நடந்தது. இருந்த திறமையின் தொடர்ச்சியாகப் பொறுப்பு வந்தது, இல்லாத திறமைக்குத் துணை கிடைத்தது.

சுய உதவிக் குழுக்களில் தலைமையைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பல குழுக்களில் தொடங்கிய ஊக்குநரே பல ஆண்டுகள் தொடர்கிறார். அவருக்குத்தான் கணக்கு தெரியும் என்பார்கள் மற்றவர்கள். விட்டால் குழு சிதறிவிடும் என்பார் அவர். மாற்றிப் பார்த்த குழுக்கள் கையாளும் வழி எளிது. சில கூட்டங்களுக்குப் புதியவர் எழுதுகிறார், பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். அந்த நாட்களில் கூட்டம் நீளும், அடித்தல் திருத்தல் இருக்கும், வங்கிக்கு இரண்டு முறை அலைய வேண்டி வரும். அதைப் பொறுத்துக்கொண்ட பிறகு, வங்கியில் கையெழுத்துப் போடும் உரிமையையும் தீர்மானம் போட்டு மாற்றித் தருகிறார்கள். கையெழுத்தை மாற்றாமல் நோட்டை மட்டும் கையில் கொடுத்த குழுக்களில் புதியவர் எழுத்தராகவே நின்றுவிடுகிறார், பழையவரின் தலையிலிருந்தும் எதுவும் இறங்குவதில்லை.